பீரங்கி இல்லாமல் வந்த பிரான்ஸ்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை: கொழும்புத் தமிழரின் பிரெஞ்சுத் தொடர்பு

திருகோணமலை மட்டும் பிரெஞ்சுக்காரர் கையில் தங்கியிருந்தால், புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க இன்று யாரும் போயிருக்க மாட்டார்கள். 1672ஆம் ஆண்டு, பதினான்காம் லூயி மன்னன் அனுப்பிய கப்பற்படையோடு தளபதி டி லா ஹே கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டார். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு ஒல்லாந்தரை விரட்ட ஆள் வேண்டும், பிரெஞ்சுக்காரருக்குத் துறைமுகம் வேண்டும். பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் ஒல்லாந்தக் கப்பல்கள் வந்து சூழ்ந்துகொண்டன. படையினருக்குச் சாப்பாடும் இல்லை, சுகமும் இல்லை. சில மாதங்களிலேயே டி லா ஹே பாய் விரித்துச் சோழமண்டலக் கரைக்குப் போய்ச் சாந்தோமைப் பிடித்தார். அதையும் வைத்திருக்க முடியவில்லை. கடைசியில் 1674இல் பிரான்சுவா மார்த்தேன் கொஞ்சப் பேரோடு தெற்கே ஒரு கரையோர ஊரில் குடியேறினார். அந்த ஊர்தான் புதுச்சேரி. திருகோணமலையில் ஏமாந்தவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு என்று சொல்லலாம்.

அந்தப் படையோடு வந்த லனெரோல் என்பவர் கண்டிக்குத் தூது போனார். அரசவை நடைமுறையை மதிக்காமல் குதிரையில் போய், காத்திருக்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்ட மனிதர். அரசன் பிடித்து வைத்துக்கொண்டான், ஊர் திரும்பவே இல்லை. அவர் வழிவந்தவர்கள் ‘டி லனரோல்’ என்ற குடும்பப் பெயரோடு, சிங்களவராகவே, இன்றும் இலங்கையில் வாழ்கிறார்கள். 1782இல் கடற்தளபதி சுஃப்ரன் திருகோணமலையை மறுபடியும் பிடித்தார். சமாதான உடன்படிக்கை வந்ததும் அது மறுபடியும் ஒல்லாந்தருக்கே போனது. இலங்கையில் பிரெஞ்சுக் கொடி பறந்த கதை அவ்வளவுதான்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பேரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய நமக்கு நாலாவது ஒருவர் நினைவில் நிற்காதது நியாயமே. ஆனால் கொழும்புத் தமிழர் வாழ்க்கைக்குள் பிரான்ஸ் இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை அங்கியோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தது. இரண்டாம் தடவை காசோடு வெள்ளவத்தைக்கு வந்தது. இரண்டு தடவையும் பீரங்கி வரவில்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் அதை எழுதி வைக்கவுமில்லை.

பார்க்கப் போகிறவர்கள் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து தொடங்கலாம். புறக்கோட்டைக்குள் நுழைந்ததும் முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று தெருக்கள் கோடு பிடித்தாற்போல வரும். ஒல்லாந்தர் போட்ட கோடு அது. புதுச்சேரியின் நேர்த்தெருக்களைப் பார்த்துப் ‘பிரெஞ்சுக்காரன் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டிருக்கிறான்’ என்று வியக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அந்தக் கோடும் ஒல்லாந்தருடையதுதான். 1693இல் அவர்கள் புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தபோது வரைந்த திட்டத்தின் மேல்தான் பிரெஞ்சுக்காரர் பின்னால் வந்து நகரத்தை வளர்த்தார்கள். அந்த வகையில் புறக்கோட்டையும் புதுச்சேரியும் ஒரு தகப்பன் பிள்ளைகள்.

செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இரண்டும் நிற்கின்றன. ஆடிவேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். தற்செயலாக, இந்தக் கட்டுரை போகிற திசையும் அதுவே. தெருவின் வடக்கு முனையைத் தாண்டினால் கொச்சிக்கடை. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில் ஒளிந்து வாழ்ந்த குரு ஒருவரின் கதையோடு தொடங்குகிறது புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமையில் போனால் சைவர், பௌத்தர், கத்தோலிக்கர் என்று யாரை யாரென்று பிரித்தறிய முடியாத கூட்டம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்ததும் இங்கேதான். ஜூன் மாதத் திருவிழாவுக்கு முன்பே கோயிலைத் திறந்துவிட்டார்கள். கொஞ்சத் தூரத்தில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டியதை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்க முழுக்கக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். வெளியே துறைமுகத்து லொறிகள் உறுமினாலும் உள்ளே தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் குளிர்ச்சி.

இதுவரை பிரான்ஸ் கண்ணில் படவில்லை. மேட்டில் ஏறவேண்டும்.

கொட்டாஞ்சேனை மேட்டில் இரண்டு பெரிய தேவாலயங்கள் உண்டு. ஒன்று 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால், ஒல்லாந்தக் கம்பனியின் கோயில். தடித்த சுவர், அலங்காரமில்லாத உள்பக்கம், தரையில் கல்லறைக் கற்கள். மற்றது புனித லூசியா பேராலயம். முகப்பில் தூண் வரிசை, மேலே பெரிய குவிமாடம். உரோமாபுரியைப் பார்த்துக் கட்டியது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். 1870களில் இத்தாலிய ஆயர் ஒருவர் காலத்தில் தொடங்கிய வேலை பிரெஞ்சுக்காரர் காலத்தில் முடிந்தது. கோபுர மணிகள் மர்செய் நகரத்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை.

மணி மர்செய்யிலிருந்து வந்ததற்குக் காரணம் உண்டு. அமலமரித் தியாகிகள் சபையைத் தொடங்கிய யூஜின் டி மசனோட் மர்செய் நகரத்தின் ஆயராக இருந்தவர். அவர் அனுப்பிய முதல் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வேர்விட்டார்கள். கொழும்பு அப்போது இத்தாலிய சில்வெஸ்திரியத் துறவிகளின் பொறுப்பில் இருந்தது. 1883இல் அது தியாகிகள் சபைக்குக் கைமாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து கிறிஸ்தோபர் பொன்ஜோன் ஆண்டகை கொழும்புக்கு வந்து சேர்ந்தார்.

இந்த மனிதரிடம் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். 1823இல் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள ரியோம் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸ் வேதபோதகச் சபைக் குருவாக 1840களில் தமிழ்நாட்டுக்கு, கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தார். அந்தப் பகுதி அப்போது புதுச்சேரி மறைத்தளத்தின் கீழிருந்தது. அங்கே தமிழ் படித்த பிறகு சபை மாறி யாழ்ப்பாணம் வந்தார், 1868இல் ஆயரானார். 1876இல் கத்தோலிக்கப் பத்திரிகை தொடங்கினார், பள்ளிக்கூடங்கள் கட்டினார், அரசாங்கத்தோடு கல்வி மானியத்துக்காகச் சளைக்காமல் வாதாடினார். 1886இல் கொழும்பின் முதற் பேராயர். ஆக, கொழும்புப் பேராலயத்தின் பிரெஞ்சுத் தலைவர் புதுச்சேரி மறைத்தளத்தில் தொடங்கி, கோயம்புத்தூர், யாழ்ப்பாணம் என்று தமிழ் ஊர்களைச் சுற்றியே கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கிறார். வண்ணக் கதவுகளும் காகிதப்பூவும் தேடுகிறவர்களுக்கு இதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் தமிழும் பிரெஞ்சும் கலந்த சரித்திரம் என்று எதையாவது சொல்வதென்றால், இதைவிட என்ன வேண்டும்?

அவர் மென்மையான ஆளல்ல, வந்து சேர்ந்த காலமும் மென்மையானதல்ல. அவர் கொழும்புக்கு வந்த 1883ஆம் ஆண்டுதான் கொட்டாஞ்சேனைக் கலவரமும் நடந்தது. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் கூட்டமொன்று தாக்கியது. விசாரணையும் நீதியும் திருப்தி தரவில்லை என்று பௌத்தர் எடுத்த முயற்சிகளின் முடிவில் வெசாக் விடுமுறை நாளானது. பௌத்தக் கொடி முதன்முதலில் 1885 வெசாக் அன்று அதே கொட்டாஞ்சேனை விகாரையில் ஏறியது. உலகம் முழுக்கப் பறக்கிற ஒரு கொடியின் பிறந்த இடம் நம்முடைய நெரிசல் பிடித்த மேடு என்பது கொட்டாஞ்சேனைக்காரர் பலருக்கே தெரியாது.

பொன்ஜோனுக்குப் பிறகு மெலிசான், கூடேர், மார்க், மாசோன். வரிசையாக எல்லாரும் பிரெஞ்சுக்காரர். 1947இல் தோமஸ் கூரே பேராயரானபோதுதான் அந்த வரிசை முடிந்தது. ஆங்கிலேயர் ஆட்சி செய்த கொழும்பில், ஏறத்தாழ அறுபத்து நாலு வருடம் கத்தோலிக்கத் திருச்சபையைப் பிரான்ஸ்தான் நடத்தியிருக்கிறது. தேசாதிபதி மாளிகை கோட்டையில் இருந்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது வேறு ஆட்கள். புனித ஆசீர்வாதப்பர் கல்லூரிக்கு டிலாசால் அருட்சகோதரர்கள். 1869இல் வந்த நல்லாயன் கன்னியர்கள் ஆஞ்சே நகரத்துச் சபையைச் சேர்ந்தவர்கள். மருதானைப் புனித சூசையப்பர் கல்லூரியை 1896இல் தொடங்கியவர் சார்ள் கொலின் அடிகள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தப் பிரெஞ்சுக் குருமார் பிரெஞ்சு மொழியைக் கொண்டுவரவில்லை. ஆங்கிலத்தில் படிப்பித்தார்கள், தமிழிலும் சிங்களத்திலும் பிரசங்கம் வைத்தார்கள். புதுச்சேரியில் ஆட்சிமொழி பிரெஞ்சு என்பதால் பட்டினத்துத் தமிழர் அதைப் படித்தே ஆகவேண்டியிருந்தது. இங்கே வந்த பிரெஞ்சுக்காரர்தான் தமிழ் படிக்கவேண்டியிருந்தது. யார் யாருடைய மொழியைப் படிக்கிறார் என்பதில் அதிகாரத்தின் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் கொட்டாஞ்சேனை புதுச்சேரியைவிட ஒரு படி மேலே நின்றதாகவே எனக்குப் படுகிறது. இதே குருமடப் பாரம்பரியத்தில்தான் தனிநாயகம் அடிகளும் 1930களின் தொடக்கத்தில் கொழும்புப் புனித பேர்னாட் குருமடத்தில் படித்தார். அவர் முன்னின்று உருவாக்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மூன்றாவது மாநாடு 1970இல் நடந்தது பாரிசில். அதற்குத் துணைநின்ற ழான் ஃபிலியோசாதான் 1955இல் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தைத் தொடங்கியவர்.

கப்பல் வழியும் கொழும்பில்தான் சந்தித்தது. மர்செய்யிலிருந்து கிழக்கே போகும் மெசாஜெரி மரிதீம் கம்பனிக் கப்பல்களுக்குக் கொழும்பு ஒரு முக்கியத் தரிப்பு. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரை ரயில் ஓடத் தொடங்கியதும், கொழும்பில் இறங்கித் தலைமன்னார் வழியே தரைப் பயணமாகவும் புதுச்சேரி போகலாம் என்றானது. பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்து ‘அன்னை’ என்று அறியப்பட்ட மிரா அந்த மார்ச்சிலேயே ‘ககா மாரு’ என்ற ஜப்பானியக் கப்பலில் கொழும்புக்கு வந்து, இந்த வழியாகவே போய் 29ஆம் தேதி புதுச்சேரியை அடைந்தார்.

இனி தெற்கே போவோம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் பம்பலப்பிட்டி. அங்கே 1903இல் தொடங்கிய திருக்குடும்பக் கன்னியர் மடம், போர்தோ நகரத்துச் சபையின் பள்ளிக்கூடம். அதே சபை யாழ்ப்பாணத்துக்கு 1862இலேயே வந்துவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் வீடுகளில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி அதிகம் எழவில்லை. வெள்ளவத்தை வாய்க்கால் ஓரத்தில் புனித பேதுருவானவர் கல்லூரி. 1922இல் அதைத் தொடங்கியவர் மொரிஸ் லெ கொக் அடிகள், பிரித்தானி மாகாணத்துக்காரர், தாவரவியலாளர். வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளவத்தை.

கொட்டாஞ்சேனைக்கு இருக்கிற வயது வெள்ளவத்தைக்கு இல்லை. நெசவு ஆலை இருந்த காலம் ஒன்று உண்டு. ஆலை இருந்த காணியில் இப்போது ஹவ்லொக் சிட்டியின் கோபுரங்கள் நிற்கின்றன. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒருகாலத்தில் ஓட்டு வீடுகளும் பூமரங்களும் இருந்தன. 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள், மயூரபதி அம்மன் கோயில் மணி கேட்கலாம் என்று எழுத ஆசைதான். உண்மையில் கேட்பது காலி வீதி பஸ் ஹோர்ன்.

1983 ஜூலையில் இந்த ஒழுங்கைகள் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்தவர்கள் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் இன்னும் தூரம் போனார்கள்: ஜெர்மனி, சுவிஸ், கனடா, பிரான்ஸ். பாரிசில் அவர்களுக்கு முன்பே தமிழர் இருந்தார்கள், புதுச்சேரித் தமிழர். அவர்கள் போன விதம் வேறு. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்கள், பிரெஞ்சு இராணுவத்தில் சேவை செய்து ஓய்வூதியம் வாங்கியவர்கள், கையில் கடவுச்சீட்டோடு இறங்கியவர்கள். நம்மவர் இறங்கியது அகதி மனுவோடு. ஒருவருக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூட மொழி. மற்றவருக்கு அது உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியபடி பிடித்துக்கொண்ட மொழி. பாசாஜ் பிராடியில் புதுச்சேரிக்காரரின் உணவகங்கள் வந்தன. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பலில் யாழ்ப்பாணத்தாரின் மரக்கறிக் கடையும் புடவைக் கடையும் நகைக்கடையும் வந்தன.

லா சப்பலுக்குப் போகும் பாதை பெரும்பாலும் கொழும்பு லொட்ஜ் வழியாகத்தான் போனது. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து யுத்தம் முடியும்வரை கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த லொட்ஜுகளின் கதையை யாராவது நாவலாக எழுதவேண்டும். வடக்கிலிருந்து வந்து, ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பெடியன்கள். ‘மாப்பிள்ளை பிரான்ஸிலை’ என்று நிச்சயமாகி விசாவுக்காகத் தாயோடு தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள். ஒரு அறையில் நாலு கட்டில், பொதுக் குளியலறை, வரவேற்பு மேசையில் பொலிஸ் பதிவுப் படிவம். இரவில் சுற்றிவளைப்பு, அடையாள அட்டை, ‘எதுக்கு கொழும்புக்கு வந்தது?’ என்ற கேள்வி. 2007 ஜூன் 7 விடிய முன்னரே லொட்ஜுகளுக்குள் புகுந்து, 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. பாரிஸ் வாசம் முதலில் பட்டது அந்த அறைகளில்தான், தொலைபேசி வழியாக. “எந்தப் பக்கம் பிள்ளை அவர்?” “பரிஸ் பக்கம்தானாம் மாமி.” அந்த ‘ஆம்’ முக்கியம். பார்த்தவர் யாருமில்லை.

போனவர்களின் காசு திரும்பி வந்தது. முதலில் உண்டியல் வழியாக, பின்னால் வங்கி வழியாக. ஊரில் காணி வாங்க முடியாத யுத்த காலத்தில் அந்தக் காசு வெள்ளவத்தையில் சீமெந்தாக மாறியது. ஓட்டு வீடு போய் அஞ்சு மாடி வந்தது, பிறகு எட்டு, பத்து. பல்கனியிலிருந்து கடல் தெரியும் என்று சொல்லி விற்ற வீட்டுக்கு முன்னால் அடுத்த வருடம் இன்னொரு தொடர்மாடி எழும்பும். கடற்காற்று இரும்புக் கிராதிகளைத் தின்று தீர்க்கும். இந்தக் கட்டடங்களில் அழகு தேட வேண்டாம். நகரத் திட்டமிடலாளர் திட்டினால் அதுவும் சரியே. ஆனால் கொழும்புத் தமிழர் கட்டிய பிரெஞ்சுக் குடியிருப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இவைதான். புதுச்சேரியில் பிரான்ஸ் கட்டிய சுவர்களைச் சுற்றுலாப் பயணிக்காகப் பாதுகாக்கிறார்கள். பிரான்சில் கோப்பை கழுவிக் கட்டிய சுவர்களில் இங்கே அம்மாமார் குடியிருக்கிறார்கள், பெரும்பாலும் தனியாக, பேரப்பிள்ளைகளை வைபரில் பார்த்தபடி.

காசோடு இலக்கியமும் வந்தது. பாரிசிலிருந்து எழுதிய ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வெளியானது. 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகனும் அவரே. அவருடைய இயற்பெயர் அந்தோனிதாசன் யேசுதாசன். நல்ல யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெயர். பொன்ஜோன் ஆண்டகை பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார், கதைகளைப் படித்தால் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். இந்தப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் பூபாலசிங்கம் புத்தகசாலையில் விசாரிக்கலாம். செட்டியார் தெருவிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் உண்டு.

வெள்ளவத்தையில் பிரெஞ்சைக் காதால் கேட்கவேண்டுமானால் ஓகஸ்டில் வாருங்கள். பிரான்சில் பள்ளி விடுமுறை. புடவைக் கடைகளில் அம்மாவும் சித்தியும் கூறைச்சேலை பார்த்துக்கொண்டிருக்க, கதவோரத்தில் நிற்கும் பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். அம்மம்மாவோடு தமிழ், கடைக்காரரோடு ஆங்கிலம், சண்டைக்கு மட்டும் பிரெஞ்சு. கொட்டாஞ்சேனையில் அறுபத்து நாலு வருடம் இருந்த பேராயர்களால் வராத மொழி, இப்போது ஐஸ்கிரீமுக்காகக் காலி வீதியில் ஒலிக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போய் மர்செய் மணியைக் காட்ட யாருக்கும் தோன்றுவதாகத் தெரியவில்லை. விடுமுறை அட்டவணை அதற்கு இடம் கொடுப்பதுமில்லை: ஒரு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, காணி உறுதி விஷயமாக யாழ்ப்பாணத்துக்கு ஒரு நடை, நல்லூர்த் திருவிழா. நல்லூர்த் தேருக்கு நின்றால் பாரிசில் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குப் போய்ச் சேரமுடியுமா என்று தொலைபேசியில் இரண்டு பஞ்சாங்கத் தேதியையும் வைத்து விமானச் சீட்டுக்குப் பேரம் நடக்கும். லா சப்பல் தெருவில் அன்று உடைக்கிற தேங்காய்க்கு இவர்கள் வீட்டிலும் ஒரு நேர்த்தி இருக்கிறது.